ஃபுளோரைடு ஊர்களில் உடல் பரிசோதனை: இரண்டாம் சுற்றுக்கும் பணம் தரும் நிதி எது?

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டதும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில், பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு பற்றிய பேச்சு அடங்கிவிட்டது. ஜப்பானியக் கடனோடு 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் காவிரியைக் கொண்டுவந்தாயிற்று, இனி என்ன என்ற நினைப்பு. ஆனால் குழாய் போன ஊரிலும் ஃபுளோரைடு உடம்புக்குள் போவது நின்றுவிடவில்லை. காவிரித் தண்ணீர் வராத நாளில் அதே மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரை ஏற்றுகிறார்கள், இரண்டும் கலந்து தெருவுக்கு வருகிறது. வீட்டுக்குள்ளும் குடிக்க ஒரு குடம், சமைக்க ஒரு குடம் என்று பிரிந்து கிடக்கிறது. களி கிண்டும் தண்ணீர் முழுவதையும் மாவு குடித்துக்கொள்கிறது. அதிலிருக்கும் ஃபுளோரைடும் கூடவே வயிற்றுக்குப் போகிறது என்று பலருக்குத் தெரியாது. கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை வேறு. கொதிக்க வைத்தால் தண்ணீர் ஆவியாகிக் குறையும், ஃபுளோரைடு அப்படியே நிற்கும், ஆக அளவு கூடத்தான் செய்யும்.

எனவே ஐந்தாறு குக்கிராமங்களைச் சேர்த்துப் பரிசோதனையும் விழிப்புணர்வும் நடத்த நினைக்கும் ஊராட்சியோ தொண்டு நிறுவனமோ முதலில் தீர்மானிக்க வேண்டியது, யாரிடம் பணம் கேட்பது என்பதை. வழிகள் ஆறேழு இருக்கின்றன. நாங்கள் வைக்கும் அளவுகோல் ஒன்றுதான்: முகாம் முடிந்து மூன்று மாதம் கழித்து அதே ஆட்களை மறுபடி பரிசோதிக்கவும் அந்தப் பணம் உதவுமா? ஷாமியானா போட்டு நடத்தும் முதல் முகாமுக்கு யாரும் பணம் தருவார்கள்.

பணம் எதற்கெல்லாம் வேண்டும்

இதைத் தெளிவாக எழுதாமல் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் கடைசியில் ஓர் ஆர்.ஓ. இயந்திரத்தோடு திரும்பி வருவீர்கள். ஐந்து குக்கிராமம் சேர்ந்து 500 வீடுள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். மக்கள் தொகை 2,000 இருக்கும். 6 முதல் 11 வயதுக் குழந்தைகள் 180 பேர் வரை தேறுவார்கள்.

முதல் படி, தண்ணீர். ஒவ்வொரு போர், மேல்நிலைத் தொட்டி, கடைக்கோடித் தெருக்குழாய் என்று ஏழெட்டு மாதிரிகள். பிளாஸ்டிக் பாட்டிலில்தான் எடுக்க வேண்டும், கண்ணாடி ஃபுளோரைடை இழுத்துக்கொள்ளும். பாதுகாப்புப் பொருள் எதுவும் சேர்க்கத் தேவையில்லை. 28 நாள் வரை மாதிரி தாங்கும். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை.

இரண்டாவது, பல். பள்ளிக்கூடத்தில் பகல் வெளிச்சத்தில், பல்லைத் துடைத்து உலர்த்திவிட்டு, பல் காவியைத் தரம் பிரிக்கும் டீன் அளவுகோலில் மதிப்பிட வேண்டும். பழகிய பல் மருத்துவர் ஒருவர் ஒரு நாளில் 60, 70 குழந்தைகளைப் பார்த்துவிடலாம். வெற்றிலைக் கறை, அழுக்கு எல்லாம் ஈறு ஓரமாகச் சேரும், தேய்த்தால் போகும். ஃபுளோரைடு காவி இடப்பக்கப் பல்லிலும் வலப்பக்கப் பல்லிலும் ஒரே மாதிரி, குறுக்கே பட்டையாகத் தெரியும், தேய்த்தால் போகாது. பல் சொல்வது பழைய கணக்கு என்பதை மறக்கக்கூடாது. 11 வயதுக் குழந்தையின் முன்பல்லில் உள்ள காவி, அது கைக்குழந்தையாகவும் சின்னப் பிள்ளையாகவும் இருந்தபோது குடித்த தண்ணீரின் பதிவு. இன்றைக்கு என்ன குடிக்கிறது என்பதைப் பல் சொல்லாது.

இன்றைய கணக்கைச் சொல்வது சிறுநீர். உள்ளே போகும் ஃபுளோரைடில், பெரியவர்களுக்குப் பாதியளவு சிறுநீரில் வெளியேறிவிடும். தண்ணீரை மாற்றினால் சில வாரங்களில் இந்த அளவு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அந்த வீட்டில் யாரோ இன்னும் பழைய போரில்தான் சமைக்கிறார்கள் என்று அர்த்தம், அல்லது எலும்பில் சேர்ந்தது மெல்லக் கரைந்து வருகிறது. இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கத்தான் இரண்டாம் சுற்று. 180 குழந்தைகளுக்கும் எடுக்கத் தேவையில்லை. காவி உள்ள வீடுகளிலிருந்து 40 குழந்தைகள், அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் கர்ப்பிணிகளுமாக 20 பேர். முதலில் ஒரு தடவை, மூன்று மாதம் கழித்து ஒரு தடவை, ஆக மொத்தம் 120 மாதிரி.

சிறுநீரில்தான் தவறும் அதிகம் நடக்கிறது. 50 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலில் மாதிரி கெடாமல் காக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளை முன்கூட்டியே 0.2 கிராம் போட்டு வைத்துக் கொடுக்க வேண்டும், ஐஸ் பெட்டியில் கொண்டுபோக வேண்டும். ஆய்வகத்தில் மாதிரியும், அளவீடு பிசகாமல் இருக்கச் சேர்க்கும் டிசாப் கரைசலும் சரிபாதி கலந்து, ஃபுளோரைடை அளக்கும் அயனி மீட்டரில் பார்ப்பார்கள். செறிவு பத்து மடங்கு மாறும்போது, மீட்டரிலிருந்து மாதிரிக்குள் முக்கும் மின்வாய் 54 முதல் 60 மில்லிவோல்ட் வரை மாறிக் காட்ட வேண்டும். அதற்குக் குறைந்தால் அன்றைய அளவீடுகள் எதையும் நம்பக்கூடாது. மீட்டர் வாங்கியதும் பெட்டியிலேயே கிடந்து மின்வாய் கெட்டுப்போவது, டிசாப் தீர்ந்து வாங்க ஆளில்லாமல் போவது இரண்டும் சாதாரணமாக நடக்கிறவை. ஒரு நேரச் சிறுநீர் என்பதால், அது எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தவருடைய அளவு குறைவாகத் தெரியும், அதை வைத்து அவர் தப்பித்தார் என்று எழுதிவிடக்கூடாது.

எக்ஸ்ரே கடைசியில்தான். முகவாயை நெஞ்சில் தொட முடியாதவர், குனிந்து நாணயத்தை எடுக்க முடியாதவர், கையை நீட்டி மடக்கித் தலைக்குப் பின்னால் கொண்டுபோக முடியாதவர் ஆகியோருக்கு மட்டும் முன்கை எக்ஸ்ரே எடுத்தால் போதும். இரண்டு எலும்புக்கு நடுவே உள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று அதில் பார்ப்பார்கள். ஊருக்கே எக்ஸ்ரே எடுப்போம் என்று ஆரம்பிப்பவர்கள் பணத்தை அங்கேயே கரைத்துவிடுகிறார்கள். முழங்கால் வளைந்த குழந்தை எல்லாம் ஃபுளோரைடு கேஸும் அல்ல. வைட்டமின் டி, கால்சியம் குறைவு, சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றைச் சோதித்த பிறகே சொல்ல முடியும்.

செலவை 100 ரூபாயாக வைத்துப் பிரித்தால், முதல் சுற்றுக்கு 40, வீடு வீடாகப் போகும் ஆளின் சம்பளத்துக்கு 30, இரண்டாம் சுற்றுக்கு 25, நோயாளியை மாவட்ட மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் பஸ் செலவுக்கு 5. இது எங்கள் கணிப்பு. ஊருக்கு ஊர் மாறலாம், ஆனால் நடுவில் உள்ள 30-ஐ வெட்டினால் மற்ற மூன்றும் வீண்.

தேசிய ஃபுளோரோசிஸ் திட்டம்

ஃபுளோரைடால் வரும் பல், எலும்பு நோயான ஃபுளோரோசிஸின் தடுப்புக்கென்றே ஒன்றிய அரசு 2008-09இல் தொடங்கிய திட்டம் இது. பிறகு தேசிய சுகாதார இயக்கத்துக்குள் வந்துவிட்டது. தருமபுரி இதில் உள்ள மாவட்டம். மாவட்ட ஆலோசகர், ஆய்வகப் பணியாளர், குறிப்பிட்ட காலத்துக்குக் களப் பணியாளர்கள், அயனி மீட்டர், மருத்துவர்களுக்குப் பயிற்சி, சிகிச்சை, மறுவாழ்வு என எல்லாவற்றுக்கும் இதில் இடமுண்டு. சிறுநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் உறுதிசெய்வது, 6-11 வயதுப் பள்ளிக் குழந்தைகளைக் கணக்கெடுப்பது என்று மேலே சொன்னவை பலவும் இதன் வழிகாட்டுதலில் இருப்பவைதான்.

இதன் பெரிய பலம், நோய் என்று தெரிந்த பிறகு ஆளைக் கைவிட முடியாது. மற்ற எந்தப் பணமும் பரிசோதனையோடு நிற்கும். பலவீனம், காலம். சுகாதார இயக்கத்தின் திட்ட அறிக்கை 2022-24 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்று ஆகிவிட்டது. மாவட்டம் தன் தேவையை எழுதும் மாதங்களைத் தவறவிட்டால் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும். காலிப் பணியிடம் இன்னொரு தலைவலி. காகிதத்தில் ஆலோசகர் இருப்பார், நாற்காலியில் இருக்க மாட்டார்.

மனு எழுதுவதற்கு முன்னால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள்: அயனி மீட்டர் இயங்குகிறதா, மின்வாய் கடைசியாக வாங்கியது எப்போது, கடந்த மூன்று ஆண்டுகளில் ஆண்டுவாரியாக எத்தனை சிறுநீர் மாதிரி பார்க்கப்பட்டது. பதில் கையிலிருந்தால் மாவட்ட சுகாதார அலுவலரிடம் பேசும் பேச்சே வேறு. "ஃபுளோரைடு பிரச்சினை உள்ளது, நடவடிக்கை எடுங்கள்" என்ற மனு கோப்பில் தூங்கும். "இந்த ஐந்து குக்கிராமம், இந்த போர்களில் இவ்வளவு, பள்ளியில் 180 குழந்தைகள், 120 சிறுநீர் மாதிரிக்கு டிசாப்பும் ஒரு மின்வாயும் வேண்டும்" என்ற மனுவைத் திட்ட அறிக்கையில் அப்படியே ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

கம்பெனிச் சட்டப் பணம்

ஆண்டு நிகர லாபம் 5 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர மதிப்பு 500 கோடி என்ற மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்கு (சி.எஸ்.ஆர்.) செலவிட வேண்டும். கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 135 இப்படிச் சொல்கிறது. சுகாதாரமும் பாதுகாப்பான குடிநீரும் ஏழாம் அட்டவணையின் முதல் வரியிலேயே உள்ளன. தொழிற்சாலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்வதால் ஓசூர்த் தொழிற்பேட்டைக்காரர்களிடம் கிருஷ்ணகிரி ஊர்கள் தைரியமாகக் கேட்கலாம். பென்னாகரம், பாலக்கோடு பக்கம் இருப்பவர்களுக்கு இந்த வாதம் அவ்வளவு எடுபடாது.

பணம் சீக்கிரம் வரும், கணக்கு எளிது. சிக்கல், மார்ச் 31. ஜனவரியில் மீதிப் பணத்தோடு வருபவர் பிப்ரவரியில் முகாம், மார்ச்சில் புகைப்படம் என்று முடிக்கப் பார்ப்பார். அப்போது சட்டத்தில் உள்ள ஒரு வசதியைச் சொல்லுங்கள். "தொடர் திட்டம்" என்று இயக்குநர் குழு தீர்மானித்தால், தொடங்கிய ஆண்டு போக மேலும் மூன்று ஆண்டு வரை நீட்டிக்கலாம், செலவாகாத பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் சுற்றுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. கேட்காவிட்டால் அவர்களாகத் தர மாட்டார்கள்.

இன்னொன்று, களப்பணியாளர் சம்பளம். "நிர்வாகச் செலவு 5 சதவீதம்தான்" என்று சொல்லி அதை வெட்டுவார்கள். அந்த 5 சதவீத வரம்பு கம்பெனி தன் சமூகப் பொறுப்புப் பிரிவை நடத்தும் பொதுச் செலவுக்கு வைத்தது. குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க ஆகும் நேரடிச் செலவு அதற்குள் வராது என்று விதியே சொல்கிறது. இந்த ஒரு வரி தெரியாமல் ஆள் சம்பளத்தை விட்டுக்கொடுத்துவிட்டு வெறும் பாட்டிலும் பேனரும் வாங்கும் நிறுவனங்கள் நிறைய. உங்கள் அமைப்பு சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாவட்டக் கனிம அறக்கட்டளை

குவாரி, சுரங்கக்காரர்கள் கட்டும் தொகையைப் பாதிக்கப்பட்ட ஊர்களுக்குச் செலவிடும் அமைப்பு இது. கிருஷ்ணகிரியில் கிரானைட் குவாரி உண்டு, ஆகவே இந்த நிதியும் உண்டு. குடிநீரும் சுகாதாரமும் உயர் முன்னுரிமைப் பட்டியலில் வருகின்றன. அந்தப் பட்டியலுக்குக் குறைந்தது 60 சதவீதம் என்று 2015இல் இருந்த விதி, 2024இல் 70 ஆனது. தலைவர் ஆட்சியர். கிராம சபைத் தீர்மானம் இருந்தால் வலுக்கூடும். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபை. மார்ச் 22 தண்ணீர் தினக் கூட்டம் இதற்கு நல்ல நாள்.

ஆனால் குவாரியால் பாதிக்கப்பட்ட ஊர் என்ற வரையறைக்குள் உங்கள் ஊர் வர வேண்டும். ஃபுளோரைடு பாறையிலிருந்து தானாகக் கரைவது, குவாரியால் வந்ததல்ல, அதனால் பணம் கேட்கக்கூடாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நோய்க்குக் காரணம் குவாரியா என்ற கேள்வியே இங்கே கிடையாது, ஊர் குவாரிக்கு அருகில் இருக்கிறதா என்பதுதான். இந்தப் பணத்தை அயனி மீட்டர், எக்ஸ்ரே கருவி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆய்வக அறை போன்ற பொருள்களுக்குக் கேளுங்கள். சம்பளத்துக்குக் கேட்டால் இழுபடும்.

மருத்துவக் கல்லூரியும் மற்றவையும்

சமூக மருத்துவத் துறையில் முதுநிலை மாணவரின் ஆய்வேடாக இதைச் செய்தால் கிட்டத்தட்ட இலவசம். நெறிமுறைக் குழு ஒப்புதல், பரிசோதனைக்கு வருபவரின் சம்மதப் படிவம், ஒழுங்கான மாதிரியெடுப்பு எல்லாம் கூடவே வரும். ஆய்வேடு ஒப்படைத்த மறுநாள் மாணவர் போய்விடுவார், தாள்கள் கல்லூரி அலமாரியில் இருக்கும், ஊருக்கு ஒரு முடிவும் வராது. ஆரம்பத்திலேயே துறைத் தலைவரிடம் "ஒவ்வொருவர் முடிவும் தமிழில் அவரவர் கைக்கு வர வேண்டும்" என்று எழுதி வாங்கிவிட்டால் முதல் சுற்றுக்கு இதுவே மலிவு.

ஜல் ஜீவன் இயக்கத்தில் தண்ணீர்த் தரக் கண்காணிப்புக்கு 2 சதவீதம் உண்டு, ஊருக்கு 5 பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியில் பயிற்சியும் உண்டு. தண்ணீரோடு சரி, உடம்புக்கு ஒரு பைசாவும் கிடையாது. தண்ணீர்ப் படியை இதில் முடித்துக்கொள்ளலாம். நிறம் பார்த்துச் சொல்லும் பெட்டியில் ஓர் எச்சரிக்கை: பிளீச்சிங் பவுடர் போட்ட அன்றைக்குத் தொட்டித் தண்ணீரைச் சோதித்தால், சில வகைப் பெட்டிகளில் குளோரின் சாயத்தை வெளுத்து ஃபுளோரைடு கூடுதலாகத் தெரியும். ஒரு தெருவே பீதியடைந்து கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்துவிடும். 1-க்கு மேல் காட்டிய ஒவ்வொரு மாதிரியையும் குடிநீர் வாரிய ஆய்வகத்தில் உறுதிசெய்த பிறகே சொல்ல வேண்டும்.

எம்.எல்.ஏ., எம்.பி. தொகுதி நிதி கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும். விட்டுவிடுங்கள்.

நீதிமன்றம்

இங்கே ராணிப்பேட்டையும் தருமபுரியும் பிரிகின்றன. ராணிப்பேட்டையில் நிலத்தடி நீரில் குரோமியம் கலக்கக் காரணமான தொழிற்சாலைகள் கண்ணுக்குத் தெரிகின்றன. தருமபுரியில் குற்றவாளி பாறை. பாறை மேல் வழக்குப் போட முடியாது.

மாசுபடுத்தியவர் இருக்கும் ஊரில்கூட இந்த வழியை மட்டும் நம்பி உட்கார வேண்டாம் என்பதே எங்கள் எண்ணம். வேலூர்த் தோல் தொழிற்சாலை வழக்கில் மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996 ஆகஸ்டில். இழப்பீடும் சீரமைப்பும் இன்னும் முடியவில்லை என்று அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவிட்டது 2025 ஜனவரியில். நடுவில் ஒரு தலைமுறை. பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கக் காரணம் எழுந்த நாளிலிருந்து 5 ஆண்டுதான் அவகாசம் என்பதால் மனுவைத் தள்ளிப்போடவும் கூடாது. மனு ஒரு பக்கம் நடக்கட்டும், பரிசோதனை வேறு பணத்தில் நடக்கட்டும்.

சமரசத் தொகை நிஜமாகக் கைக்கு வந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. டுபான்ட் ஆலையின் ரசாயனம் குடிநீரில் கலந்த வழக்கின் சமரசப் பணத்தில் 2005-06இல் ஏறத்தாழ 69,000 பேருக்கு ரத்தப் பரிசோதனை நடந்தது. கேள்வித்தாளுக்கு 150 டாலர், ரத்தம் கொடுத்ததற்கு 250 டாலர் என்று ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார்கள். கூட்டம் வந்ததில் அதற்குப் பெரிய பங்குண்டு. நம் ஊரில் அவ்வளவு முடியாது. ஆனால் நூறு நாள் வேலை நடக்கும் நாளில் காலை 10 மணிக்கு முகாம் வைத்துவிட்டு "மக்கள் ஒத்துழைக்கவில்லை" என்று அறிக்கை எழுதுவதையாவது நிறுத்தலாம்.

எங்கள் தேர்வு

ஃபுளோரைடு ஊருக்கு ஒரே பணம் போதாது. தண்ணீருக்கு ஜல் ஜீவன், பல்லும் முதல் சிறுநீர்ச் சுற்றும் மருத்துவக் கல்லூரி, களப்பணியாளரும் இரண்டாம் சுற்றும் தொடர் திட்டமாகக் கம்பெனிப் பணம், உறுதியான நோயாளிக்குத் தேசியத் திட்டம். குவாரிப் பகுதியாக இருந்தால் கருவிக்குக் கனிம நிதி. ஒன்றை மட்டும்தான் பிடிக்க முடியும் என்றால் தேசியத் திட்டத்தைப் பிடியுங்கள், தாமதமானாலும் பரவாயில்லை. தொடர் திட்டமாக எழுதித் தராத கம்பெனிப் பணத்தை விட்டுவிடுவதே மேல்.

களப்பணியாளராக வெளியூர் ஆளைப் போடாதீர்கள். அந்த ஊரிலேயே மகளிர் குழுவில் இருக்கும் ஒருவர், அல்லது மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலரோடு சேர்ந்து போகும் ஒருவர் நல்லது. அவர் சொல்ல வேண்டியதும் அதிகமில்லை. களிக்கும் சோற்றுக்கும் காவிரித் தண்ணீர் எடுத்து வையுங்கள், ஆளுக்கு நாளைக்கு 8 முதல் 10 லிட்டர் இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் போதும். கேழ்வரகு, பால், முருங்கைக்கீரை, நெல்லிக்காய் விடாதீர்கள், கால்சியமும் வைட்டமின் சி-யும் குறைந்த உடம்பில் ஃபுளோரைடின் பாதிப்பு கூடுதல். கடுந்தேநீரைக் குறையுங்கள், பாக்கை நிறுத்துங்கள். சின்னப் பிள்ளை பேஸ்ட்டை விழுங்காமல் பாருங்கள். இதை மைக்கில் ஒரு தடவை சொல்வதால் ஒன்றும் மாறாது. அடுப்படியில் எந்தக் குடம் இருக்கிறது என்று இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும்.

எந்தப் பணமாக இருந்தாலும் ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் கட்டாயம் எழுத வேண்டும்: முடிவு 30 நாளுக்குள் சம்பந்தப்பட்டவர் கையில் தமிழில் கொடுக்கப்படும், பெயர் இல்லாத மொத்தக் கணக்கு கிராம சபையில் வாசிக்கப்படும், கடைசித் தவணை இரண்டாம் சுற்று மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போன ரசீதைக் காட்டிய பிறகே விடுவிக்கப்படும்.